தூதுரைத்தவர் பெறாத வரம்: திருக்கச்சி நம்பியும் மோசேயும்

பூவிருந்தவல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பி வடமொழியில் தேவராஜாஷ்டகம் இயற்றியவர். எனினும், காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசி அவரோடு உரையாடியவர் என்பதே அவருக்கு நிலைத்த அடையாளம். இராமானுசரின் ஐயங்களை வரதரிடம் விண்ணப்பித்து, ஆறு வார்த்தைகளாக விடை பெற்றுவந்தவர் இவரே எனக் குருபரம்பரை நூல்கள் கூறும். ஆயின், அவர் தமக்கென வீடுபேறு வேண்டியபோது, வீசியதற்குப் பேசியது ஈடாயிற்று என்று வரதர் மறுத்ததாக வைணவ மரபில் ஒரு செய்தி வழங்குகிறது. கருணைக்கடலாகப் போற்றப்படும் இறைவன் இங்குக் கூலிக்கணக்குப் பார்ப்பவராகத் தோன்றுவது வியப்பிற்குரியது.

எபிரேய மறையிலும் இத்தகைய மறுப்பு உண்டு. சோதோம் நகருக்காக ஐம்பதிலிருந்து பத்து நீதிமான்கள்வரை எண்ணிக்கையைக் குறைத்து வேண்டிய ஆபிரகாம், இறைவனின் நீதியையே தம் வாதத்திற்கு அடிப்படையாக்கினார். மோசே அதனினும் ஒருபடி மேற்சென்றார்; பொற்கன்றை வணங்கிய மக்களை மன்னிக்காவிடில் தம் பெயரையும் நீக்கிவிடுமாறு வேண்டினார். மக்கள் முற்றாக அழியாது எஞ்சினர். அதே மோசே யோர்தானைக் கடக்கத் தமக்காக மன்றாடியபோது, இனி அதுபற்றிப் பேசவேண்டாம் என்பதே விடையாயிற்று. எண்ணாகமம் இதற்கு மேரிபாவில் அவர் செய்த பிழையைக் காரணமாக்குகிறது. உபாகமத்தில் மோசேயோ மக்களின் பொருட்டே தமக்கு இது நேர்ந்தது என்கிறார். இவ்விரு காரணங்களும் எளிதில் இணங்குவன அல்ல.

எபிரேய இறைவன் நீதிபதி, வைணவ இறைவன் அருளாளன் என்னும் வழக்கமான பாகுபாடு இவ்விடத்தில் பொருந்தவில்லை. இருவருமே மறுக்கின்றனர். மறுப்பிற்குப் பின் நிகழ்வதிலேதான் வேறுபாடு உள்ளது. மோசேக்காகப் பரிந்து பேச எவருமில்லை. பிஸ்கா மலையுச்சியிலிருந்து நாட்டைக் கண்டு, மோவாபில் இறக்கிறார். நம்பிக்கோ ஆசாரியனை நாடும் வழி காட்டப்படுகிறது. பரிந்துரைக்கும் நிலையாகிய புருஷகாரத்திற்குக் கிருபை, பாரதந்திரியம், அநந்யார்ஹத்வம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பது பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணம். இறைவனோடு நேரில் பேசும் உரிமை அம்மூன்றனுள் இல்லை என்பது கருதத்தக்கது.

நம்பியையே ஆசாரியனாகக் கொள்ள இராமானுசர் விரும்பினார். தம் குலத்தைக் காரணங்காட்டி நம்பி உடன்படவில்லை. இத்தயக்கத்தை வெறும் பணிவாக மட்டும் கொள்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அவர் கொண்டுவந்த ஆறாம் வார்த்தையும் இராமானுசரைப் பெரிய நம்பியிடமே அனுப்பியது.