பாதிக்கப்பட்டவரும் சீருடையில் இருந்தால்

2021 செப்டம்பரில், கோவை ரெட்ஃபீல்ட்ஸில் உள்ள விமானப்படை நிர்வாகக் கல்லூரிக்குப் பயிற்சிக்கு வந்திருந்த பெண் அதிகாரி ஒருவர், சக அதிகாரி தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக மாநகரக் காவல்துறையிடம் புகார் கொடுத்தார். மகளிர் காவல் நிலையம் வழக்குப் பதிந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கைதாகி உடுமலைப்பேட்டை கிளைச் சிறைக்குப் போனார். ஒரு வாரம் முடிவதற்குள் விமானப்படை நீதிமன்றப் படியேறியது. அவரை அந்தப் படையிடமே ஒப்படைக்கும்படி செப்டம்பர் 30 அன்று கோவை நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு கோர்ட் மார்ஷலுக்குப் போயிற்று.

அந்த அதிகாரி குற்றவாளியா இல்லையா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி இல்லை. என்னை உறுத்துவது புகாரின் இன்னொரு பகுதி. போலீசுக்குப் போவதற்கு முன் மேலதிகாரிகளிடம் முறையிட்டதாகவும், அங்கே தனக்கு நெருக்கடி தரப்பட்டதாகவும், விமானப்படை மருத்துவமனையில் ‘இரு விரல் சோதனை’ செய்யப்பட்டதாகவும் அந்தப் பெண் சொல்லியிருந்தார். 2013-லேயே உச்ச நீதிமன்றம் பெண்ணின் அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்பளித்த சோதனை அது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று விமானப்படைத் தளபதி அக்டோபர் தொடக்கத்தில் மறுத்தார். யார் சொல்வது உண்மையாக இருந்தாலும், குற்றச்சாட்டு ஒரு தனி மனிதரோடு நிற்கவில்லை. படையின் அதிகாரிகள் மீதும் மருத்துவமனை மீதும் அது படிந்திருந்தது. அதே படையிடம் வழக்கு போய்ச் சேர்ந்தது.

கோவை நீதிமன்றத்தை இதற்காகக் குறை சொல்வதில் பயனில்லை. சட்டம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது. 1950-ஆம் ஆண்டு விமானப்படைச் சட்டத்தின் 72-வது பிரிவின்படி, படைச் சட்டத்துக்கு உட்படாத ஒருவரைப் படைவீரர் கொலை செய்தாலோ பாலியல் வன்கொடுமை செய்தாலோ அதைக் கோர்ட் மார்ஷல் விசாரிக்கக் கூடாது. பொது நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும். களப்பணி, வெளிநாடு, அரசு அறிவித்த எல்லைச் சாவடி ஆகியவை மட்டும் விலக்கு. ராணுவச் சட்டத்தின் 70-வது பிரிவும் இதையே சொல்கிறது. ஆக, கோவையில் புகார் கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் கல்லூரி மாணவியாக இருந்திருந்தால் வழக்கு கோவையை விட்டு நகர்ந்திருக்காது. அவர் அதிகாரி என்பதால் நகர்ந்தது. எந்த நீதிமன்றம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை படை அதிகாரிக்கு. நடுவர் ஆட்சேபித்தால் விஷயம் மத்திய அரசுக்குப் போகும். அதன் முடிவே இறுதி. பாதிக்கப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை.

ராணுவச் சட்டத்தின் 12-வது பிரிவைப் படித்தால் இது எப்படி நேர்ந்தது என்று புரிகிறது. மத்திய அரசு அறிவிக்கும் சில பிரிவுகளைத் தவிர மற்றவற்றில் பெண்கள் சேரத் தகுதியற்றவர்கள் என்கிறது அது. 1950-ல் சட்டம் எழுதியவர்களின் கண்ணில், செவிலியர் பிரிவுக்கு வெளியே, சீருடை போட்ட பெண்ணே இல்லை. படைவீரரால் பாதிக்கப்படும் பெண் என்றால் முகாமுக்கு வெளியே இருப்பவள் என்றுதான் அவர்கள் நினைத்திருக்க முடியும். அவளைப் பொது நீதிமன்றத்தின் பாதுகாப்பில் வைத்தார்கள். அன்றைக்கு அது நல்ல சட்டம். 1992 முதல் ராணுவத்தில் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்ந்து வருகிறார்கள். 2020-ல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு நிரந்தரப் பணியும் வழங்கச் சொல்லிவிட்டது. 70-வது பிரிவை மட்டும் யாரும் தொடவில்லை. ஆராய்ந்து எடுத்த கொள்கை முடிவு என்று இதைச் சொல்ல எந்த ஆதாரமும் எனக்குத் தெரியவில்லை. மறதி என்றே சொல்வேன்.

படைகளின் தரப்பு வாதம் இளப்பமானது அல்ல. நம் விசாரணை நீதிமன்றங்களில் பாலியல் வழக்கு எத்தனை வாய்தா வாங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு எதிரில் ஒரு நிகழ்வை வைத்துப் பார்க்க வேண்டும். நாகாலாந்தில் 2016-ல் நடந்ததாகச் சொல்லப்பட்ட பாலியல் தொல்லைக்காக ஒரு மேஜர் ஜெனரலைக் கோர்ட் மார்ஷல் 2018 டிசம்பரில் குற்றவாளி என்று கண்டு, பணிநீக்கத்துக்குப் பரிந்துரைத்தது. 2019-ல் அது உறுதியானது. புகார் கொடுத்தவர் கேப்டன், அதாவது பல படி கீழே இருந்தவர். அரசுத் துறையிலோ பல்கலைக்கழகத்திலோ அவ்வளவு உயரத்தில் இருக்கும் ஒருவர் மூன்றாண்டுக்குள் வேலையை இழந்த கதைகளை விரல் விட்டு எண்ணலாம். கப்பலிலும் பனிமலைச் சாவடியிலும் மகளிர் காவல் நிலையம் கிடையாது என்பதும் உண்மை. ஆனால் அதே மேஜர் ஜெனரல், படைக்குள் இருந்த கோஷ்டிப் பூசலுக்குத் தான் பலியானதாகச் சொன்னார். அதை நம்புவதும் நம்பாததும் வேறு. அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்ப இடம் கொடுக்கும் அமைப்பு என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

அந்த அமைப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். கோர்ட் மார்ஷலைக் கூட்டுவது ஒரு தளபதி. தீர்ப்புச் சொல்ல உட்காரும் குறைந்தது ஐந்து அதிகாரிகளும் படையைச் சேர்ந்தவர்கள். சட்டம் படித்த ஜட்ஜ் அட்வகேட் உடன் இருப்பார். அவருக்கு வாக்கு இல்லை. ஐவரும் வாய்மொழியாகக் கருத்துச் சொல்லும்போது ரேங்க் குறைந்தவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. மூத்தவர் முதலில் பேசிவிட்டால் இளையவர் மாற்றிப் பேசமாட்டார் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது! அந்த விவேகத்தை மெச்சுகிறேன். ஆனால் அது அந்த மேசையைத் தாண்டி வெளியே வரவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறும் மெஸ் பணியாளர், பக்கத்து அறைக்காரர், முதலில் பரிசோதித்த மருத்துவர் எல்லோரும் அதே படைதான். அவர்களுடைய ஆண்டு ரகசிய அறிக்கையை எழுதுவதும், அடுத்த போஸ்டிங் எங்கே என்று முடிவு செய்வதும் மேலே இருப்பவர்கள். இந்தச் சாட்சிகளுக்கு, இளையவர் முதலில் பேசும் அந்த விதியால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகும் தீர்ப்பு உடனே செல்லாது. உறுதிப்படுத்தும் அதிகாரி ஒப்ப வேண்டும். ஒப்பவில்லை என்றால், மறுபடி பாருங்கள் என்று ஒரு முறை திருப்பி அனுப்பலாம். விடுதலை என்று வந்த முடிவும் அப்படித் திரும்பலாம். இங்கே அடி வாங்குவது குற்றம் சாட்டப்பட்டவர். பெண்களின் பக்கம் நின்று பேசுகிறவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். கடக்கக் கூடாது. தன் கமாண்டிங் ஆபீசர் மீது மேலிடத்துக்குப் புகார் அனுப்பிய ஒரு சிப்பாயை, அதே கமாண்டிங் ஆபீசர் உட்கார்ந்த சம்மரி கோர்ட் மார்ஷல் தண்டித்தது. ரஞ்சித் தாக்கூர் என்ற அந்த வழக்கில் 1987-ல் உச்ச நீதிமன்றம் பாரபட்சம் என்று சொல்லித் தண்டனையை ரத்து செய்தது. கோர்ட் மார்ஷல் தீர்ப்புக்கு மேல்முறையீடே இல்லையே என்று அதே நீதிமன்றம் 1982-ல் வருந்தியது. மேல்முறையீட்டுக்கு வழி தந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது 2007-ல். மேலிடம் தண்டிக்க நினைத்தால் அப்பாவிக்கும், மூடி மறைக்க நினைத்தால் பாதிக்கப்பட்டவருக்கும் இதே அமைப்புதான் எதிராகத் திரும்புகிறது.

அமெரிக்கா இதில் பட்டுத் தெளிந்தது. இத்தாலியின் அவியானோ தளத்தில் லெப்டினன்ட் கர்னல் ஒருவரைப் பாலியல் தாக்குதல் குற்றவாளி என்று 2012 நவம்பரில் கோர்ட் மார்ஷல் தீர்த்தது. 2013 பிப்ரவரியில் லெப்டினன்ட் ஜெனரல் கிரெய்க் ஃபிராங்க்ளின் தன் கையெழுத்தால் அந்தத் தீர்ப்பையே நீக்கிவிட்டார். சட்டப்படி அவருக்கு அந்த அதிகாரம் இருந்தது. எழுந்த கொந்தளிப்பில் அந்த அதிகாரத்தை அந்த ஆண்டு இறுதியிலேயே நாடாளுமன்றம் வெட்டிச் சுருக்கியது. வழக்குத் தொடுக்கும் முடிவையே தளபதிகளிடமிருந்து எடுக்க வேண்டும் என்ற செனட்டர் கிர்ஸ்டன் கில்லிபிராண்டின் மசோதா, 2014 மார்ச்சில் 55 வாக்கு வாங்கியும் தேவையான 60 கிடைக்காமல் நின்றது. 2020-ல் ஃபோர்ட் ஹூட் முகாமில் வனெசா கீயென் என்ற இளம் பெண் சிப்பாய் கொல்லப்பட்டார். அவர் பாலியல் தொல்லையையும் அனுபவித்தவர் என்று தெரியவந்தபோது அந்தத் தடை உடைந்தது. 2023 டிசம்பர் 28 முதல் பாலியல் வன்கொடுமை உள்ளிட்ட குற்றங்களில் வழக்குத் தொடுப்பதைத் தளபதிகளின் கட்டளைக்கு வெளியே உள்ள சிறப்பு வழக்குரைஞர்கள் முடிவு செய்கிறார்கள்.

அங்கே தளபதியின் தலையீட்டைத் தடுக்கவே தனிச் சட்டப் பிரிவு இருக்கிறது. 2013-ல் பாலியல் குற்றவாளிகளைப் படையிலிருந்து வெளியேற்றுவது பற்றி அதிபர் ஒபாமா ஆவேசமாகப் பேசியதையே, தலைமைத் தளபதியின் தகாத செல்வாக்கு என்று ஒரு கடற்படை நீதிபதி கண்டு, தன் முன் இருந்த வழக்குகளில் அத்தண்டனை தரக் கூடாது என்றார். குற்றம் சாட்டப்பட்டவருக்கான அத்தகைய கவசம் நம் 1950 சட்டங்களில் இல்லை.

ஆனாலும் அமெரிக்க மாதிரியை அப்படியே இங்கே நட முடியும் என்று நான் நினைக்கவில்லை. அங்கேயும் பாலியல் தொல்லையைத் தனிக் குற்றமாக 2022-ல் சேர்த்தபோது, அது படையின் ஒழுங்கைக் குலைத்தது அல்லது படைக்கு இழுக்குத் தேடித் தந்தது என்று நிரூபிக்க வேண்டிய பிரிவில்தான் சேர்த்தார்கள். பெண்ணுக்கு நேர்ந்த தீங்கைப் படைக்கு நேர்ந்த தீங்காக மாற்றினால்தான் ராணுவ நீதிக்குக் கண் தெரிகிறது. இங்கேயும் அதே பார்வைதான். தகாத உறவு குற்றமில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, படைகளுக்கு அது பொருந்தக் கூடாது என்று மத்திய அரசு மனுப் போட்டது; 2023 ஜனவரியில் விளக்கமும் பெற்றது. சக அதிகாரியின் மனைவியோடு உறவு கொள்வது படையின் ஒற்றுமைக்கு ஆபத்து என்பதற்கு அவ்வளவு அக்கறை. பாலியல் குற்றச் சட்டங்களைச் சீர்திருத்த அமைக்கப்பட்ட வர்மா குழு 2013-ல், படையினரின் பாலியல் வன்முறையைப் பொதுக் குற்றவியல் சட்டத்தின் கீழ் கொண்டுவரச் சொன்னது. அரசு அதில் பாதியை எடுத்துக்கொண்டது. பணி அமர்த்தப்பட்ட பகுதியில் படைவீரர் செய்யும் வன்கொடுமைக்குத் தண்டனை கூடியது. விசாரிக்கும் இடம் மாறவில்லை.

காலவரம்பு இன்னொரு வேதனை. குற்றம் நடந்து, அல்லது தெரியவந்து, மூன்றாண்டு கழிந்தால் கோர்ட் மார்ஷல் தொடங்க முடியாது. பொதுச் சட்டத்தில் பாலியல் வன்கொடுமைக்கு அப்படி எல்லை கிடையாது. படைச் சட்டம் மூன்றாண்டு வரம்பிலிருந்து விலக்கியிருப்பது கலகம், படையை விட்டு ஓடுவது, ஏமாற்றிச் சேர்வது ஆகியவற்றைத்தான். மேலதிகாரியின் கீழ் பணி முடியும் வரை வாய் திறக்கப் பயந்த ஒரு பெண்ணுக்கு மூன்று ஆண்டு என்பது ஒரு போஸ்டிங் காலம்.

இத்தனையையும் எடை போட்டால் என் முடிவு இது: சீருடைக்குள் நடக்கும் பாலியல் குற்றங்களில் இன்றைய கோர்ட் மார்ஷல் முறை இரு தரப்புக்கும் நியாயமானதல்ல. அதில் உட்காரும் அதிகாரிகள் நேர்மையற்றவர்கள் என்பதால் அல்ல. படையே ஒரு தரப்பாக நிற்கும் வழக்கில் விசாரணை, சாட்சி, தீர்ப்பு, ஒப்புதல் நான்கும் படையிடமே இருப்பதால். வேகம் என்ற ஒரு நன்மை இந்தக் குறையை ஈடுகட்டாது. வேகம் வேண்டுமென்றால் மகளிர் நீதிமன்றங்களுக்குக் கூடுதல் நீதிபதிகளைப் போடலாம்.

திருத்தம் பெரிய வேலை இல்லை. 70, 72-வது பிரிவுகளில் வன்கொடுமைக்கு மட்டுமாவது, படைச் சட்டத்துக்கு உட்படாதவர் என்ற நிபந்தனையை நீக்கினால் போதும். தாக்குதல் அளவுக்குப் போகாத தொல்லையை, பணியிடப் பாலியல் தொல்லைக்கான 2013 சட்டப்படி அமையும் உள்ளகக் குழு விசாரிக்கட்டும். அதன் வெளியாள் உறுப்பினரைப் படை தேர்ந்தெடுக்கக் கூடாது. கடலிலும் வெளிநாட்டிலும் தடயங்களைப் பாதுகாத்து முதல் விசாரணையைப் படையே நடத்தலாம். கப்பல் கரை தொட்டதும், அணி நாடு திரும்பியதும் கோப்பு காவல்துறையிடம் போக வேண்டும். எல்லைச் சாவடிக்கான விலக்கையும் அதே அளவுக்குச் சுருக்கலாம்: தடயம் எடுக்கும் வரை படை, அதற்கு மேல் அந்த மாவட்டத்தின் செஷன்ஸ் நீதிமன்றம்.