பாட்டியின் அட்டை, கம்பெனியின் டப்பா

தமிழ்நாட்டில் ‘கேசரோல்’ என்றால் சப்பாத்தி ஆறாமல் இருக்க மேசையில் வைக்கும் ஹாட் பாக்ஸ்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது ஒரு பதார்த்தம். அந்தப் பதார்த்தம் வேகும் அகலப் பாத்திரத்துக்கும் அதே பெயர். காயோ கறியோ மீனோ, கூடவே நூடுல்ஸ் அல்லது உருளைக்கிழங்கு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கக் கெட்டியான ஒரு வெள்ளைக் குழம்பு, மேலே மொறுமொறுவென்று ஏதாவது தூவி ‘அவன்’ அடுப்பில் வைத்து எடுப்பார்கள். மினசோட்டா பக்கம் இதையே ‘ஹாட்டிஷ்’ என்பார்கள். பல குடும்பங்களில் இதன் செய்முறை ஒரு சொத்து. எண்ணெய்க் கறை படிந்த சின்ன அட்டையில் பாட்டி எழுதியது, அம்மா கைக்கு வந்து, பிறகு பேத்தியின் சமையலறை டிராயருக்குப் போகும். நவம்பர் மாத நன்றி நவிலல் விருந்தில் அது இல்லாவிட்டால் இலையில் ஏதோ குறைந்ததுபோல இருக்கும். ‘எங்க வீட்டுச் செய்முறை’ என்று அவர்கள் சொல்லும் அந்த உரிமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் இங்கே கேள்வி.

இவற்றில் மிகப் பிரபலமான பீன்ஸ் கேசரோலையே எடுத்துக்கொள்வோம். அது பிறந்தது எந்தப் பாட்டியின் அடுப்பங்கரையிலும் இல்லை. 1955-ல் நியூ ஜெர்சி மாநிலத்துக் கேம்டன் நகரில், கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில், டோர்காஸ் ரைலி என்ற ஊழியரும் அவருடைய குழுவும் உருவாக்கியது. நிறுவனம் 1934 முதல் விற்றுவந்த காளான் கிரீம் சூப்பை எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய சாமான்களோடு சேர்த்து என்ன செய்யலாம் என்பதற்கு அவர்கள் கண்ட விடை அது. டப்பாவின் மேல் அச்சாகி நாடு முழுக்கப் பரவிய அந்தக் குறிப்பைத்தான் பல பாட்டிகள் தங்கள் அட்டையில் எழுதிக்கொண்டார்கள். அமெரிக்காவில் விற்கும் காளான் கிரீம் சூப்பில் ஏறக்குறைய 40 விழுக்காடு இந்த ஒரு பதார்த்தத்துக்கே போகிறது என்பது அந்த நிறுவனமே சொல்லும் கணக்கு. குடும்ப ரகசியம் என்று பொத்திவைத்தது ஒரு விளம்பரத் துண்டு என்று தெரியவரும்போது சிரிப்பு வருவது இயல்பு.

ஆனால் அந்தச் சிரிப்பு அவசரச் சிரிப்பு. கடல் கடந்து வந்த மிளகாயைக் குழம்பில் போட்டுவிட்டு, அது ஆதிகாலத்து ருசி என்று நாமும்தான் சொல்லிக்கொள்கிறோம். ஒரு பண்டம் எங்கிருந்து வந்தது என்பது அது யாருடையது என்று தீர்மானித்துவிடாது. எழுபது ஆண்டுகள், மூன்று தலைமுறை ஒரே நாளில் ஒரே மேசையில் அதை உண்டிருந்தால் அது அந்த வீட்டுப் பண்டம்தான். கம்பெனியில் பிறந்தது என்பதற்காக இந்த வழக்கத்தைத் தள்ளிவிட முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது: அம்மாவிடமிருந்து மகளுக்குப் போவது என்ன என்பதில்.

செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இது புரியும். டப்பாவைத் திறந்து கவிழ்த்தால் சூப் உடனே வழியாது. தகரத்தின் வளையத் தடங்களோடு, டப்பாவின் வடிவத்திலேயே ஒரு கட்டி சொத்தென்று விழும். அரைக் கோப்பை பால், ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், கொஞ்சம் மிளகுத்தூள் சேர்த்துக் கரைத்து, வேகவைத்த பீன்ஸ் நான்கு கோப்பையும், டப்பாவில் விற்கும் பொரித்த வெங்காயத்தில் பாதியும் கலக்க வேண்டும். 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 25 நிமிடம்; கிளறிவிட்டு, மீதி வெங்காயத்தைத் தூவி இன்னும் 5 நிமிடம். அவ்வளவுதான். நாம் கைப்பக்குவம் என்கிறோமே, அதற்கு இதில் இடமே இல்லை. மாவின் பச்சை வாசனை எப்போது போகும், பால் எப்போது திரியும், உப்பு எவ்வளவு தாங்கும் என்று மகளுக்குச் சொல்லித்தர ஒன்றும் கிடையாது. அதெல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. பாட்டி கொடுத்துவிட்டுப் போவது கடைக்கான சாமான் பட்டியல்.

அந்தப் பட்டியலும் நிலையானதில்லை. அட்டையில் ‘ஒரு டப்பா’ என்றுதான் இருக்கும். அந்தச் சூப் டப்பா 10¾ அவுன்ஸிலிருந்து 10½ அவுன்ஸாகச் சுருங்கியது. இது பரவாயில்லை, நாக்குக்குத் தெரியாது. டூனா மீன் டப்பா 6 அவுன்ஸிலிருந்து 5 அவுன்ஸாகக் குறைந்ததோ ஆறில் ஒரு பங்கு மீன். டூனா நூடுல்ஸ் கேசரோல் செய்யும் பேத்தி, எழுதியது எழுதியபடியே செய்தும் பாட்டி ருசி வரவில்லையே என்று தன்னை நொந்துகொள்வாள். அளவுகோல் கம்பெனியின் கையில் இருக்கும் செய்முறைக்கு நேர்வது இது.

இவ்வளவு சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அது இன்னும் கனமானது. யூட்டா மாநிலத்தில் மார்மன் சபையினரிடையே ‘துக்கவீட்டு உருளைக்கிழங்கு’ என்றே ஒரு கேசரோல் உண்டு. துருவிய உருளை, சூப், புளித்த கிரீம், சீஸ், மேலே நொறுக்கிய கார்ன்ஃபிளேக்ஸ். சபைப் பெண்கள் சங்கம் இறுதிச் சடங்கு முடிந்து வருகிறவர்களுக்கு அதைச் செய்து கொண்டுவரும். 2002-ல் சால்ட் லேக் சிட்டியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது அதன் உருவத்தில் நினைவு வில்லை விற்கும் அளவுக்கு அது அந்த ஊரின் அடையாளம். சாவு வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் அக்கம்பக்கத்தார் சோறு கொடுத்தனுப்புவது நமக்குத் தெரிந்ததுதான். அந்த வேலைக்குக் கேசரோலைப்போலப் பொருத்தமான பண்டம் குறைவு: காரில் சிந்தாது, காத்திருக்கும், மறுநாள் சுடவைத்தாலும் கெட்டுப்போன ருசி தெரியாது. 1915-ல் விற்பனைக்கு வந்த பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரம் அவனிலிருந்து நேரே பந்திக்கு வரும். அதன் அடியில் ஒட்டுத்தாளில் வீட்டுப் பெயர் எழுதியிருப்பார்கள், நாம் எவர்சில்வரில் பெயர் வெட்டிவைப்பதைப்போல, திரும்பி வருவதற்காக.

கைப்பக்குவம் தேவைப்படாதது குறை என்று மேலே சொன்னேன். இங்கே அதுவே பலம். வேலை முடிந்து ஆறு மணிக்கு வீடு திரும்பும் பக்கத்துவீட்டுப் பெண், எட்டு மணிக்குள் துக்க வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோக முடிவது அந்த டப்பாவால்தான். சமையலை வெறுக்கும் பெண்களுக்காகவே 1960-ல் பெக் பிராக்கன் ஒரு சமையல் புத்தகம் எழுதினார். அது பெரும் வெற்றி பெற்றது என்பதே டப்பாவை ஏளனம் செய்கிறவர்களுக்குப் போதுமான பதில். ருசியறிந்தவர்களின் ஏளனத்தில் பாதி, நேரமும் பணமும் குறைந்தவர்கள்மீதான ஏளனம். இன்னொன்றும் உண்டு. மினசோட்டாவின் மான்கேட்டோ நகரில் ஒரு லூத்தரன் தேவாலயப் பெண்கள் 1930-ல் வெளியிட்ட புத்தகத்தில்தான் ஹாட்டிஷ் செய்முறை முதன்முதலாக அச்சில் காணக் கிடைக்கிறது. இப்படிப்பட்ட திருச்சபைப் புத்தகங்களில் செய்முறையின் கீழே கொடுத்தவரின் பெயர் இருக்கும், பெரும்பாலும் ‘திருமதி’யோடு கணவர் பெயர்தான். அரைகுறைதான் என்றாலும், வேறெந்த ஏட்டிலும் ஏறாத பெண்கள் ஏறிய ஏடு அது.

உடல்நலக் கணக்கில் மட்டும் வாதாட இடமில்லை. ஒரு டப்பா சூப்பில் சோடியம் சுமார் 2,000 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளுக்கு வைத்த வரம்பே அதற்குள்தான். ஆறு பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், வருஷத்துக்கு ஒரு நாள் என்பார்கள். நன்றி நவிலல் விருந்துக்கு அந்தப் பதில் செல்லும். வாரம் இருமுறை ஹாட்டிஷ் வைக்கும் வீட்டுக்குச் செல்லாது.

அப்படியானால் டப்பாவை விட்டு, வெண்ணெயில் மாவை வறுத்துப் பால் ஊற்றி வெள்ளைக் குழம்பை வீட்டிலேயே செய்தால் என்ன? ‘அது பாட்டியின் பண்டம் ஆகாதே’ என்ற ஆட்சேபம் உடனே வரும். ஆனால் அந்தக் குழம்பு டப்பாவுக்கு மூத்தது. 1896-ல் வந்த ஃபேனி ஃபார்மரின் பாஸ்டன் சமையற்பள்ளிப் புத்தகத்தில் அது இருக்கிறது; அதை அடிப்படையாக வைத்துத்தான் அந்தக் காலத்தில் காயையும் மீனையும் சுட்டெடுத்தார்கள். சூப் டப்பா அதற்கு வந்த பதிலாள். ஆகவே பேத்தி கரண்டியை எடுத்துக் கிளறத் தொடங்கினால் அவள் பாட்டியை விட்டு விலகவில்லை, பாட்டியின் பாட்டியிடம் போகிறாள். டப்பாவிலேயே வளர்ந்த நாக்குக்கு அது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். காளானை நன்றாக வதக்கிப் போட்டால் ஓரளவு ஈடுகட்டலாம். துக்க வீட்டுக்கு டப்பாவே போதும் என்பேன். விருந்து நாளில், வீட்டில் நான்கு கை சும்மா இருக்கும்போது, டப்பாவைத் திறப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ரைலியின் மூல அட்டை 2002-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழகத்துக்குத் தரப்பட்டது. அவர் 2018-ல், 92-வது வயதில் காலமானார். அமெரிக்காவில் வாழும் வாசகர்களுக்குச் சம்பந்தி வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ இப்படியோர் அட்டை கைக்கு வரலாம். பிரதி எடுக்கும்போது பாட்டி பெயருக்குக் கீழே ரைலி பெயரையும் எழுதுங்கள். ‘ஒரு டப்பா’ என்பதற்குப் பக்கத்தில் எடையையும் குறித்துவையுங்கள். இன்றைக்கு அது 298 கிராம்.