'வெறும் வார்த்தைதானே' – ஓர் எக்ஸ்-மென் படக்கதை

படிவம் நான்கு மாணவன் ஒருவன் வாசிப்புப் பதிவேட்டில் காமிக்ஸ் ஒன்றின் பெயரை எழுதிக்கொண்டு வந்தான். "டீச்சர், இதை ஏத்துக்குவீங்களா?" படிச்சுப் பார்த்துச் சொல்றேன் என்று வாங்கி வைத்தேன். 1982இல் மார்வெல் வெளியிட்ட 'காட் லவ்ஸ், மேன் கில்ஸ்'. எழுத்து கிறிஸ் கிளேர்மான்ட், ஓவியம் பிரென்ட் ஆண்டர்சன்.

அடிதடிக் கதை என்றுதான் நினைத்தேன். தொடக்கத்திலேயே இரண்டு கறுப்பினப் பிள்ளைகளை இரவில் துரத்திக் கொன்று, பள்ளி ஊஞ்சலில் தொங்கவிட்டுப் போகிறார்கள். பிள்ளைகள் செய்த குற்றம், மரபணு மாற்றத்தோடு பிறந்தது. அவ்வுடல்களைக் கண்டு துடிப்பவன், வழக்கமாக வில்லனாக வரும் மேக்னீட்டோ.

இங்கே எதிர்ப்பாத்திரம் ஸ்ட்ரைக்கர் என்ற போதகர். தன் குழந்தை விகாரமாகப் பிறந்ததென்று அதையும் பெற்றவளையும் கொன்றவர். கடவுள் வேலையைத்தான் செய்கிறோம் என்று மனசார நம்புகிறார். பயமே அதில்தான். 2003இல் வந்த 'எக்ஸ்2' படம் இவரை ராணுவ அதிகாரியாக மாற்றிவிட்டது. பாத்திரத்தின் பாதி உயிர் அங்கேயே போயிற்று.

என்னைப் பிடித்து உலுக்கியது ஒரு சின்னக் காட்சி. மாற்றப் பிறவிகளை இழிவாகப் பேசிய பையனோடு கிட்டி என்ற பெண் கட்டிப் புரள்கிறாள். கறுப்பினத்தவரான நடன ஆசிரியை ஸ்டீவி, வெறும் வார்த்தைதானே என்று சமாதானம் சொல்கிறார். உங்கள் இனத்தைக் கேவலப்படுத்தும் சொல்லை அவன் சொல்லியிருந்தால் இப்படிப் பொறுத்துப் போவீர்களா என்று கிட்டி திருப்பிக் கேட்கிறாள், அந்தச் சொல்லையே சொல்லி. நிறத்தையும் சாதியையும் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளிடம், "விடுப்பா, சும்மா சொன்னான்" என்று நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

குறை இல்லாமல் இல்லை. வசனம் அதிகம். ஓவியத்தில் தெரியும் துக்கத்தைப் பலூனும் விளக்குகிறது. நம் மாணவர்கள் கட்டுரையில் "அவன் மிகவும் சோகமடைந்தான்" என்று எழுதுவார்களே, அதே கோளாறு. ஆனால் உச்சக்கட்டம் அருமை. கூட்டம் நிறைந்த அரங்கில் சைக்ளாப்ஸ் போதகரோடு வாதாடுகிறான். கடைசியில் கிட்டியை நோக்கித் துப்பாக்கி நீட்டும் ஸ்ட்ரைக்கரைச் சுட்டு வீழ்த்துவது எக்ஸ்-மென் அல்ல, காவலுக்கு நின்ற சாதாரணப் போலீஸ்காரர்.

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். படிவம் ஒன்று, இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அந்த ஊஞ்சல் ராத்திரி எனக்கே கண்ணுக்குள் நின்றது.