சாந்தோம் பேராலயம்: கல்லறையும் கட்டடமும்

சாந்தோம் பேராலயம், சென்னை மயிலாப்பூரை அடுத்த கடற்கரையோரத்தில் அமைந்துள்ள கத்தோலிக்கத் தலைமைக் கோயில் ஆகும். இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களுள் ஒருவரான தோமையாரின் கல்லறைமீது இது எழுப்பப்பட்டது என்பது மரபு. சான் தோமே என்னும் போர்த்துக்கேயப் பெயரே சாந்தோம் என மருவியது.

வரலாறு

தோமையார் கி.பி. 72-இல் இப்பகுதியில் கொல்லப்பட்டார் என மரபு கூறுகிறது. அவருடைய எலும்புகளில் பெரும்பகுதி பண்டைக் காலத்திலேயே எதேசாவுக்கும், 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனாவுக்கும் சென்றதாகக் கருதப்படுகிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இக்கல்லறையைக் குறிப்பிடுகிறார். 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இங்கே கோயில் கட்டினர். 1606-இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் உருவானது. பழைய கோயில் 1893-இல் இடிக்கப்பட்டு, 1896-இல் இன்றைய கட்டடம் நிறைவுற்றது. 1952-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டம் அமைந்தபோது இது அதன் பேராலயமாயிற்று. 1956-இல் இளம் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது.

கட்டடக்கலை

புதுக்கோதிக் பாணியில் அமைந்த இக்கோயிலின் முதன்மைக் கோபுரம் ஏறத்தாழ 155 அடி உயரமுடையது. கூர்வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் பாணியின் இலக்கணத்துக்குட்பட்டவை. கூரையின் நடுவில் எழும் சிறிய கோபுரம் கல்லறை இருக்கும் இடத்தைக் குறிக்கிறது.

மதிப்பீடு

சுமார் முந்நூற்றைம்பது ஆண்டுகள் வழிபாடு நடந்த கோயிலை அகற்றியது பேரிழப்பு. அதற்கு ஈடாக வந்த வடிவம் போர்த்துக்கேய மரபைச் சார்ந்ததும் அன்று, தமிழகக் கட்டட மரபைச் சார்ந்ததும் அன்று. போர்த்துக்கேயத் திருச்சபை ஆட்சிக்குட்பட்டிருந்த மறைமாவட்டம், அன்றைய ஆங்கிலேயச் சென்னையில் வழங்கிய பாணியையே ஏற்றது. வெண்ணிறச் சுவர்களைக் காண்போர் பலர் கட்டடத்தையே பழமையானதாக எண்ணுகின்றனர். பழமை இடத்துக்கு உரியது. கட்டடத்துக்கு வயது நூற்றுமுப்பது ஆண்டுகளே.

எனினும் நடுக்கோபுரம் இக்குறையைப் பெரிதும் ஈடு செய்கிறது. பெரிய கோபுரம் ஊருக்கு அடையாளம் என்றால், சிறியது கோயில் எழுந்த காரணத்தைச் சொல்கிறது. பிற்காலத்தில் கல்லறைச் சிற்றாலயத்துக்குத் தனிவழி அமைக்கப்பட்டது. வழிபாட்டின் அமைதிக்கு இது நன்மையே. ஆனால் அவ்வழியே கீழே செல்வோருக்குத் தலைக்குமேல் நிற்கும் கோபுரத்தின் பொருள் தெரிவதில்லை. அதை விளக்கும் பலகை ஒன்று கல்லறை வாயிலில் இருந்தால், கட்டடத்தின் சிறந்த கருத்து காண்போரைச் சென்றடையும்.