செப்புத் தகட்டில் ஒரு கிரேக்கக் கோயில்

கிரேக்கக் கோயில் என்றதும் நம் மாணவர் உள்ளத்தில் ஏதென்சு நகரின் பார்த்தினனே தோன்றும். ஆயினும் அக்கோயில்களின் கனத்தை ஐரோப்பியர் உணரச் செய்த அச்சுப்படங்களுள் தலையாயவை, தென் இத்தாலியின் பேஸ்டம் என்னும் ஊரைக் காட்டுவன. அவற்றை உருவாக்கிய பிரானேசி 1778-இல் மறைந்தார். எஞ்சிய பணியை மகன் பிரான்செஸ்கோ முடித்தார். அவற்றுக்கென வரைந்த ஓவியங்களுள் 15 இன்று இலண்டன் சோன் காட்சியகத்தில் உள்ளன.

மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியாற் கீறி, கீறலை அமிலம் அரிக்க விட்டு, மை தடவித் தாளில் அழுத்தி எடுப்பது இம்முறை. அமிலத்தில் நெடிது கிடந்த கோடு ஆழ்ந்து கறுக்கும். தூண்களின் பருமனையும் நிழலையும் பிரானேசி இக்கறுப்பாலேயே எழுப்புகிறார். காண்போரை முகப்பின் எதிரே நிறுத்தாமல், பல படங்களில் தூண்களின் நடுவிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறார். ஸ்டூவர்ட்டும் ரெவெட்டும் 1762 முதல் வெளியிட்ட ஏதென்சுப் படங்கள் அளவுகோல் பிடித்து வரைந்தவை. கட்டடக் கலைஞருக்கு அவை போதும். கல்லின் கனத்தை அறிய விரும்புவோர் பிரானேசியிடமே வருதல் வேண்டும்.

அவர் படங்களில் பூசகர் இல்லை. மேய்ப்பரும் மாடுகளும் உள்ளனர். இவை வெறும் அழகுச் சேர்க்கை என்பார் உளர். யான் அவ்வாறு கருதேன். கி.மு. 600 அளவில் கிரேக்கர் அமைத்த பொசைடோனியா நகரே பின்னர்ப் பேஸ்டம் ஆயிற்று. சதுப்பும் காய்ச்சலும் பெருக, மக்கள் அகன்றனர். கோயில் நின்றது, தெய்வத்தின் பெயர் நிற்கவில்லை. நகரின் பெயரைக் கொண்டு ஒன்றை நெப்டியூன் கோயில் என்றனர். இன்னொன்றைக் கோயிலென்றே அறியாது, பொதுமன்றம் எனக் கருதிப் 'பசிலிக்கா' என்றழைத்தனர். அது ஈராவின் கோயில் என்பது பிற்கால ஆய்வினரின் முடிபு. மேய்ப்பரை வரைந்த கை, அங்கு எஞ்சியதை உள்ளவாறே வரைந்தது.

தோட்டத்துக் கோயில்களை அறிந்த ஜொகூர் வாசகர்க்கு இது தொலைவான செய்தியன்று. ரப்பர்த் தோட்டங்கள் கைமாறி, மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தபின், சில கோயில்கள் இடம்பெயர்ந்தன, சில இடிந்தன. நம் குடமுழுக்கு மலர்களைப் புரட்டினால் கோபுரம் நேர்முகமாக நிற்கும். அடுத்துப் பொறுப்பாளர் படங்கள். மர நிழலில் முதலில் நட்ட கல்லையோ, நட்டவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதையோ காட்டும் மலரைத் தேடித்தான் எடுக்க வேண்டியுள்ளது.