'நல்ல கரு' என்னும் சொல்லாடல்

பெரியாரின் 'இனிவரும் உலக'த்தை மறுவாசிப்புச் செய்ய நேர்ந்தது காரைக்கால்மேட்டில், ஒரு மீனவப் பெண்ணின் வீட்டுத் திண்ணையில். நான்கு தடவை கரு கலைந்தவர். பரிசோதனைத் தாளை நீட்டி, 'என்ன போட்டுருக்குன்னு படிச்சு சொல்லுங்கண்ணே' என்றார். தாள் அவருடையதல்ல, கணவருடையது. 13ஆம் குரோமோசோமும் 14ஆம் குரோமோசோமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ஆளுக்கு நோய் எதுவும் கிடையாது. விந்தணு உருவாகையில் பங்கு பிரிவதில்தான் கூடுதல் குறைவு வருகிறது.

'நாலு வருஷமா என் வயித்தத்தான் சோதிச்சாங்க. ஆம்பளைக்கு எதுக்கு ரத்தம் எடுக்கணும்னுட்டாங்க எங்க மாமியா.' சொந்தத்தில் கட்டியதுதான் காரணமென்று ஊர் சொன்னதாம். ஊரின் வாதம் இங்கே செல்லாது. இந்த ஒட்டல் ஒருவரிடம் மட்டும் இருந்தாலே போதும்.

1940களிலேயே பெரியார், ஆண் பெண் சேர்க்கையின்றிப் பிள்ளை பிறக்கும் காலத்தைச் சொன்னார். பெண்ணுடலைப் பிள்ளைபெறும் விதியிலிருந்து கழற்றும் பிரதியாகவே அதை வாசித்துவந்தோம். ஆனால் அதே பிரதியில் தேர்ந்தெடுத்த ஆண்களின் வீரியம், நல்ல குழந்தைகள் என்னும் பேச்சும் இருக்கிறது. விடுதலையும் தேர்வும் ஒரே மூச்சில். இந்த இரண்டாவது குரலை நாம் (நான் உட்பட) வசதியாகக் காதில் வாங்காமல் விட்டோம்.

கருவைப் பதியவைக்குமுன் சோதிக்கும் முறையில் முதல் வெற்றி 1990இல் லண்டனில் கிடைத்தது. ஆண் குழந்தைகளைத் தாக்கும் பரம்பரை நோயைத் தவிர்க்கப் பெண் கருக்களைத் தேர்ந்தார்கள். பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் கொடுத்த நம் நாட்டில் அதே கருவி எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு விளக்கம் வேண்டாம். 1994இன் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தை 2003இல் திருத்திக் கருத்தரிப்புக்கு முந்தைய தேர்வையும் அதற்குள் கொண்டுவந்தது அதனால்தான். 2021இன் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டமோ, ஏற்கெனவே அறியப்பட்ட மரபு நோய்களுக்கு மட்டும் கருவைச் சோதிக்கலாம் என்கிறது. எது நோய்? 14ஆம் குரோமோசோம் 21உடன் ஒட்டியிருந்தால் பிறக்கக்கூடியது டவுன் குழந்தை. அது சிரிக்கும், பள்ளிக்கூடம் போகும், சண்டை போடும். பிறக்கவே இயலாத கருவையும் இந்தக் குழந்தையையும் சட்டம் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது. ஊனமுற்ற தோழர்களின் கோபம் நியாயமானது.

ஆனால் இதை நாஜி இனமேன்மைவாதத்தின் நீட்சியென்று ஒற்றை வரியில் முடிப்பதை இப்போது என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பெண் கேட்பது மேலான குழந்தையை அல்ல. ஐந்தாம் தடவையும் ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு ஓடாதிருப்பதை.

இன்னொன்று. ஐந்தாம் நாள் கருவின் புற அடுக்கில், அதாவது நஞ்சுக்கொடியாகப் போகிற பகுதியில், சில செல்களைக் கிள்ளி எடுக்கிறார்கள். வழக்கமான சோதனை அளவைத்தான் எண்ணும். தகப்பனைப் போலச் சமநிலையில் ஒட்டலைச் சுமக்கும் கருவையும் ஒட்டலே இல்லாத கருவையும் அதனால் பிரித்தறிய முடியாது. 'இயல்பு' என்று அதிகாரம் பெயரிடுவது அதன் கருவிக்கே தெரிவதில்லை!

செலவு லட்சங்களில். 'கடலுக்குப் போறவரு அதுக்கு எங்கண்ணே போவாரு' என்றவர், தாளை மடிக்கவில்லை. 'இத எங்க மாமியாகிட்டயும் ஒருதடவ வாசிச்சுக் காட்டுறீங்களா?'

உள்ளே போய் வாசித்துக் காட்டினேன்.