புள்ளிராஜா கேட்காமல் விட்ட கேள்வி

மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூர் வந்திருந்த பழைய நண்பர், குளத்துப் படியில் உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தப்போ திடீர்னு கேட்டார்: "புள்ளிராஜாவ ஞாபகம் இருக்கா?" நாற்பது வயசைத் தாண்டின எந்தத் தமிழருக்கும் ஞாபகம் இருக்கும். 2003 வாக்கில் சுவரெல்லாம் ஒரே கேள்வி: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? யார் இந்த ஆள்னு முதலில் யாருக்கும் தெரியாது. மும்பையில் பல்பீர் பாஷா என்ற பெயரில் ஓடிய விளம்பரத்தின் தமிழ் வடிவம் அது. நடத்தியது பாபுலேஷன் சர்வீசஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு.

விளம்பரமாகப் பார்த்தால் அது பெரிய வெற்றி. மண்டையோடு போட்டுப் பயமுறுத்திய போஸ்டர்களுக்கு நடுவே, உபதேசம் பண்ணாமல், டீக்கடையில் காண்டம் பற்றிப் பேச வச்சது. ஆனா இப்போ யோசிச்சா ஒண்ணு உறுத்துது. அந்தக் கேள்வி முழுக்க "வருமா, வராதா" என்பதுதான். நேத்து ராத்திரி ஆணுறை கிழிஞ்சுபோன ஆளுக்கு, இன்னிக்குக் காலையில என்ன செய்யணும்னு அதில் ஒரு வரி கிடையாது. ஊர் சிரிச்ச ஒரு பேரோடு தன்னைச் சேர்த்துப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்? பயந்தவன் இன்னும் நல்லா ஒளிஞ்சுக்குவான்.

நியாயமா இன்னொண்ணையும் சொல்லணும். நோய் வந்தவர்களுக்கே அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பிச்சது 2004 ஏப்ரலில்தான். அதனால விளம்பரத்தை எழுதினவங்க மேல எனக்குப் பெரிய புகார் இல்லை. இரண்டாவது விளம்பரம் வரவே இல்லை என்பதுதான் என் புகார்.

அதில் வந்திருக்க வேண்டிய விஷயம் இதுதான். கிருமி உடம்பில் நுழைந்த உடனே நிலைத்துவிடுவதில்லை. தன் மரபுக் குறிப்பை டிஎன்ஏ-வாக மாற்றி எழுதி, நம் செல்லுக்குள் செருகி, பெருகுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த இடைவெளியில் மருந்து போய்ச் சேர்ந்தால் தடுக்க வாய்ப்பு உண்டு. இதற்குப் பேர் பெப். 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிடணும். இந்தக் கணக்குக்குப் பின்னால் 1998-ல் வெளிவந்த ஒரு குரங்கு ஆய்வு இருக்கு. 24 மணி நேரத்தில் டெனோஃபோவிர் தொடங்கி 28 நாள் கொடுத்த குரங்குகள் தப்பின. 48, 72 மணி நேரம்னு தள்ளிப்போடப் போட, அல்லது 3 நாள், 10 நாளோடு நிறுத்த, பாதுகாப்பு குறைஞ்சது. ஆக 72 என்பது கடைசி பஸ். முதல் பஸ்ஸையே பிடிச்சா நல்லது.

பேரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம், பிரெப் வேற. அது முன்கூட்டியே சாப்பிடுவது. அமெரிக்காவில் 2012-ல் அனுமதி கிடைத்தது. ஒழுங்காகச் சாப்பிட்டால் உடலுறவு வழியாகத் தொற்றும் ஆபத்தை 99 சதவீதம் அளவுக்குக் குறைக்கும். ஆனா தொடங்கும் முன் எச்ஐவி பரிசோதனை, சிறுநீரகப் பரிசோதனை ரெண்டும் வேணும்; மற்ற பால்வினை நோய்களை இது தடுக்காது. ஆறு மாசத்துக்கு ஒரு ஊசியாக லெனகாபவிர் 2025-ல் அங்கே அனுமதி பெற்றது. அதை ஏழை நாடுகளுக்காக வருஷத்துக்கு 40 டாலர் விலையில் தயாரிக்கப்போவது ஐதராபாத் கம்பெனிகள். உலகத்துக்கே மாத்திரை செய்து அனுப்புற நாடு நம்முடையது!

இதில் வேடிக்கை என்னன்னா, பெப் நம்ம ஊருக்குப் புதுசே இல்லை. ஊசி குத்திக்கொண்ட நர்ஸம்மாவுக்கு உடனே என்ன செய்யணும்னு தெரியும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் கொடுக்கச் சொல்லி அரசு வழிகாட்டி சொல்கிறது. ஆஸ்பத்திரிக் கதவுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு அது பாடம். வெளியே இருப்பவனுக்கு அப்படி ஒண்ணு இருப்பதே தெரியாது.

தெப்பக்குளத்திலிருந்து வந்து கோயிலுக்குள் போனால் ராமானுஜர் கதை நினைவுக்கு வராமல் இருக்காது. பதினெட்டு முறை நடந்து வந்து நம்பியிடம் வாங்கிய ரகசியத்தை, வெளியே சொன்னால் நரகம் என்று தெரிந்தும், மேலே ஏறி எல்லாருக்கும் சொன்னார் என்பார்கள். எதற்கெடுத்தாலும் இந்தக் கதையை இழுப்பது எங்க ஊர்க்காரர்களின் வியாதி, ஒத்துக்கறேன். தவிர, மந்திரத்தைக் கேட்டாலே போதும். மாத்திரை கையில் கிடைக்கணும். கூட்டு மருந்து மையத்தைத் தவிர வேறெங்கும் இருப்பு இல்லைன்னா, மேலே ஏறிக் கத்தி என்ன பிரயோஜனம் என்று கேட்டால், அந்தக் கேள்வியும் சரிதான்.

இருந்தாலும் அந்த இரண்டாவது விளம்பரத்தை நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன். சனிக்கிழமை ராத்திரி நடந்தது. திங்கட்கிழமை ஓபி-யில் பார்த்துக்கலாம்னு புள்ளிராஜா படுத்துட்டா, முப்பது மணி நேரத்துக்கு மேல போயிடும். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சிவகங்கை பஸ் ஏறி, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் "பெப் வேணும்"னு கேக்கட்டும். தயக்கமா இருந்தா, ஏறுறதுக்கு முன்னாடி 1097-க்கு ஒரு போன் போடட்டும். காசு கிடையாது.